சுவரொட்டி பேச வேண்டும்

(பிரிக்பீல்ட்ஸில், கிளைச் செயலாளர்களுக்கும் தோட்டக் கிராணிமார்களுக்கும் நடந்த ஒரு நாள் வகுப்பில் ஆற்றிய பேச்சின் வாசகம்)

 

ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் கிள்ளான், காப்பார், பந்திங், ரவாங் என்று நாலா பக்கமிருந்தும் பஸ் ஏறியும் ரயில் ஏறியும் வந்திருக்கிறீர்கள். அந்த உழைப்புக்குத் தகுந்ததாக ஏதாவது ஒன்றை நீங்கள் இங்கிருந்து கொண்டுபோக வேண்டும் என்பதே எங்கள் எண்ணம். ஆகவே பெரிய தத்துவம் எதையும் பேசப் போவதில்லை. சுவரொட்டி ஒன்றை எப்படி எழுதுவது, எங்கே ஒட்டுவது, அது பயன்பட்டதா என்று எப்படிக் கண்டுகொள்வது, இவ்வளவுதான் இன்றைய பாடம்.

"சுவரொட்டிதானே, இதற்கு ஒரு வகுப்பா?" என்று சிலர் நினைக்கலாம். நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தோம். அந்த நினைப்புக்கு நாங்கள் கொடுத்த விலையை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நாங்கள் தோற்ற கதை

சில ஆண்டுகளுக்கு முன் கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்று விலைபோயிற்று. பால்மரங்களைச் சாய்த்துவிட்டு வீடுகள் கட்டப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. தொழிலாளர்களைக் கூட்டி, அவர்களுக்குச் சட்டப்படி என்ன கிடைக்க வேண்டும் என்று விளக்குவதற்காக ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தோம். அதற்கு ஒரு சுவரொட்டியும் அச்சடித்தோம். அதன் தலைப்பு இது:

"தோட்டத் தொழிலாளர் சமுதாயத்தின் எதிர்கால நல்வாழ்வையும் உரிமைகளையும் பேணிக் காக்கும் பொருட்டு நடைபெறவிருக்கும் மாபெரும் விளக்கப் பொதுக்கூட்டம்."

அதற்குக் கீழே தலைவர் பெயர், துணைத் தலைவர் பெயர், செயற்குழுவினர் பெயர்கள், சிறப்புரையாற்றுவோர், நன்றியுரை கூறுவோர் என்று பதினேழு வரிகள். ஓரத்தில் பூக்கொடி போட்ட அலங்காரம். நாளும் நேரமும் பதினான்காவது வரியில் இருந்தன.

கூட்டத்துக்கு வந்தவர்கள் பதினொரு பேர். அவர்களில் நான்கு பேர் நாங்களே.

அடுத்த வாரம் அலுவலகத்தில் காகிதம் நீட்டினார்கள். பலர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அவர்களில் இருபத்திரண்டு ஆண்டுகள் பால் வெட்டிய ஓர் அக்காளும் இருந்தார். 1980-ஆம் ஆண்டு வேலை நிறுத்தப் பலன் விதிமுறைப்படி, ஐந்தாண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவரை ஆட்குறைப்புச் செய்தால், ஆண்டு ஒன்றுக்குக் குறைந்தது 20 நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். அந்த அக்காளுக்கு 440 நாள் சம்பளம். அவர் கைக்கு வந்ததோ "கருணைத் தொகை" என்ற பெயரில் அதில் பாதிகூட இல்லை. பிறகு தொழிலாளர் இலாகாவுக்கு மனுப் போட்டு, நடையாய் நடந்து, மீதியைப் பெற்றுக் கொடுக்க எட்டு மாதமாயிற்று.

"அக்கா, சுவரொட்டி ஒட்டியிருந்தோமே, நீங்கள் பார்க்கவில்லையா?" என்று கேட்டோம்.

"பார்த்தேன் தம்பி. பூப்போட்டு, நிறையப் பேர் பெயர் போட்டிருந்ததே, கோயில் திருவிழா நோட்டீஸ் என்று நினைத்தேன். திருவிழா நாள் எனக்குத் தெரியும், எதற்குப் படிக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்" என்றார்.

தோழர்களே! அவர் மீது குற்றமில்லை. குற்றம் எங்களுடையது. நாங்கள் சுவரொட்டி எழுதவில்லை. எங்கள் பெயர்களை எழுதி ஒட்டினோம். அந்த எட்டு மாதம்தான் இன்றைய வகுப்புக்குக் காரணம்.

முதல் கேள்வி: படித்தவர் என்ன செய்ய வேண்டும்?

பேனாவைத் தொடுமுன் ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். இந்தக் காகிதத்தைப் பார்த்தவர் அடுத்து என்ன செய்ய வேண்டும்? கூட்டத்துக்கு வரவேண்டுமா? கையெழுத்துப் போடாமல் இருக்க வேண்டுமா? சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டுமா? ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரு சுவரொட்டி, ஒரு காரியம். இரண்டு காரியம் இருந்தால் இரண்டு சுவரொட்டி.

"ஒற்றுமையே பலம்" என்று எழுதுகிறோம். நல்ல வாசகம், மறுப்பவர் இல்லை. ஆனால் அதைப் படித்தவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். எதை, எப்போது, எங்கே செய்வது என்று அதில் இல்லை அல்லவா?

இதற்கு நம் வரலாற்றிலேயே பாடம் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலம் அது. துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர்கள் தாங்களே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்க வேண்டும் என்று பேசினார். "நிலவுடைமைப் பொருளாதாரத்தில் பங்கேற்பு" என்று பேசியிருந்தால் எத்தனை பேர் சேர்ந்திருப்பார்கள்? பத்து வெள்ளி, பத்து வெள்ளியாகச் சேர்த்துப் பங்கு வாங்கலாம் என்ற கணக்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் புரிந்தது. சம்பள நாளில் எதை எடுத்து வைப்பது என்று வீட்டில் உட்கார்ந்து பேசக்கூடிய தொகை அது. சுவரொட்டியின் வாசகமும் அப்படி இருக்க வேண்டும்: கையில் எடுத்து எண்ணக்கூடியதாக.

இரண்டாவது: யார், எங்கே, எந்த வெளிச்சத்தில் படிப்பார்?

கிராணி நண்பர்கள் சுவரொட்டியை மேசை மேல் வைத்து, விளக்கு வெளிச்சத்தில், ஓரடி தூரத்திலிருந்து பார்க்கிறீர்கள். அது அழகாகத் தெரிகிறது. ஆனால் பால்வெட்டுத் தொழிலாளி அதைப் பார்ப்பது பிரட்டுக்களத்தில், பொழுது விடியுமுன், தலைவிளக்கைச் சரி செய்துகொண்டே. அல்லது பால் நிறுக்கும் இடத்தில், வாளியைக் கையில் பிடித்துக்கொண்டே. அவருக்கு நின்று படிக்க நேரமில்லை. கண்ணாடி வீட்டில் இருக்கும்.

விளம்பரப் பலகை எழுதுவோரிடம் ஒரு பொதுக் கணக்கு உண்டு: பத்தடி தூரத்துக்கு ஓரங்குல உயர எழுத்து. முப்பதடி தூரத்திலிருந்து தலைப்பைப் படிக்க வேண்டுமானால் எழுத்து மூன்றங்குலம் இருக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் ஏ-2 காகிதம் ஏறத்தாழ 16½ அங்குலத்துக்கு 23½ அங்குலம். அதைப் படுக்கை வசமாக வைத்தாலும் மூன்றங்குல எழுத்து ஒரு வரியில் ஏழெட்டுக்கு மேல் நிற்காது. ஆகவே தலைப்பு என்பது ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு சொல். மாபெரும் விளக்கப் பொதுக்கூட்டத்துக்கு அங்கே இடமே கிடையாது!

தமிழ் எழுத்துக்கென்று சில காரியங்கள் இருக்கின்றன. ஆங்கிலப் புத்தகங்களில் இவை இரா.

நம் எழுத்துக்கு மேலே விசிறியும் புள்ளியும் உண்டு. கீழே சுழியும் காலும் உண்டு. இரண்டு வரிகளை நெருக்கி எழுதினால் மேல் வரியின் "ழு"வும் கீழ் வரியின் "கீ"யும் முட்டிக்கொள்ளும். ஆகவே வரிக்கும் வரிக்கும் நடுவே தாராளமாக இடம் விடுங்கள். புள்ளியைக் கடுகளவு வைக்காதீர்கள். தூரத்தில் புள்ளி மறைந்தால் "கல்" என்பது "கல" ஆகிவிடும்.

இன்னொன்று முக்கியம். தமிழில் எதிர்மறை சொல்லின் நடுவிலோ கடைசியிலோ ஒளிந்துகொள்ளும். "போடாதீர்கள்" என்ற சொல்லில் "வேண்டாம்" என்ற பொருளைத் தருவது நடுவில் இருக்கும் "ஆதீ" மட்டுமே. ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்ப்பவருக்கு அது "போடுவீர்கள்" என்றும் படும். "நாளை வேலை நிறுத்தம் இல்லை" என்று எழுதி, "இல்லை" அடுத்த வரிக்குப் போய், அந்த மூலை மழையில் கிழிந்துவிட்டால் என்ன ஆகும்? நினைத்துப் பாருங்கள். ஆகவே தடுக்க வேண்டியதைத் தனிச் சொல்லால் தடுங்கள். "வேண்டாம்!" என்பது நல்ல சொல். "பொறுங்கள்!" என்பது அதைவிட நல்ல சொல்.

மூன்றாவது: கண் காண்கிற பொருளைச் சொல்லுங்கள்

1941-ஆம் ஆண்டு மார்ச் முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலை நிறுத்தங்களை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. கிள்ளான் ஜில்லா இந்தியர் சங்கமும் ஆர். எச். நாதனும் முன்னின்ற போராட்டம் அது. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது, சுடப்பட்டுத் தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளைச் சற்றே பாருங்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி. பிள்ளைகளுக்குக் கல்வி. வைத்திய வசதி. கள்ளுக்கடையை மூடுதல். உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோக உரிமை. பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்துதல். இவற்றோடு இன்னொன்று: வெள்ளைக்கார நிர்வாகியையும் தோட்ட அதிகாரிகளையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

"எமது சுயமரியாதை காக்கப்பட வேண்டும்" என்றும் அவர்கள் கேட்டிருக்கலாம். ஆனால் சைக்கிளைச் சொன்னார்கள். ஏன்? மானம் என்பது கண்ணுக்குத் தெரியாது. துரையைக் கண்டதும் ஒருவர் சைக்கிளை விட்டு இறங்கி, மண் ரோட்டு ஓரத்தில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பது கண்ணுக்குத் தெரியும். அந்தக் காட்சியை ஒருவர் காகிதத்தில் வரைந்தால் வாசகமே தேவையில்லை. எண்பது ஆண்டுகளுக்கு மேலான பிறகும் இங்கே உட்கார்ந்திருக்கும் நம் எல்லோருக்கும் அது உடனே புரிகிறதே! சுவரொட்டிக்குப் படம் தேடும்போது இதை நினைவில் வையுங்கள். "சுரண்டல்" என்பதை வரைய முடியாது. நிறைந்த வாளியையும் காலியான சோற்றுப் பானையையும் வரைய முடியும்.

படத்தின் பலத்துக்கு இன்னும் ஓர் உதாரணம். 1955-ஆம் ஆண்டு மலாயாவின் முதல் பொதுத் தேர்தலில் கூட்டணிக் கட்சியின் சின்னம் பாய்மரக் கப்பல். 52 இடங்களில் 51 இடங்களை அக்கூட்டணி வென்றது. வெற்றிக்கு வேறு காரணங்கள் பல உண்டு. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவரும் கப்பலைத் தேடிக் குறி போட முடிந்தது. ஐந்து சின்னங்களை ஒரே காகிதத்தில் திணித்திருந்தால் முடிந்திருக்குமா? படம் ஒன்று, அதுவும் எளிது.

சீமையிலிருந்தும் ஓர் உதாரணம் சொல்வோம். 1914-ஆம் ஆண்டு முதல் உலகப் போர் மூண்டபோது, ஆல்பிரட் லீட் என்ற ஓவியர் கிச்சனர் பிரபுவின் முகத்தை வரைந்தார். விரல் பார்ப்பவரை நேராகச் சுட்டும். 1917-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் மாண்ட்கோமரி பிளாக் அதே பாணியில் வரைந்த "அங்கிள் சாம்" படம் சுவரொட்டியாக வந்தது. போரை நாம் விரும்பவில்லை, வித்தையைக் கவனிப்போம். அந்த முகம் கூட்டத்தைப் பார்த்துப் பேசவில்லை; "நீ" என்று ஒருவரைப் பார்த்துப் பேசியது. நாமும் "தொழிலாளர்கள் கவனிக்க வேண்டியது" என்று எழுதாமல் "உங்கள் சம்பளச் சீட்டைப் பார்த்தீர்களா?" என்று எழுதலாம். படிப்பவர் தம்மைத்தான் கேட்கிறார்கள் என்று உணர வேண்டும்.

நான்காவது: படிப்பவரின் மொழியில், படிப்பவரின் ஆளைக் கொண்டு

அவசரகாலம் 1948 முதல் 1960 வரை நீடித்தது. அந்த நாட்களில் காட்டின் மேல் விமானத்திலிருந்து கோடிக்கணக்கில் துண்டுப் பிரசுரங்கள் போடப்பட்டன. சரணடைய வருபவருக்கு ஆபத்தில்லை என்ற அனுமதிச் சீட்டும் அவற்றில் உண்டு. அந்தக் காலத்தின் நியாய அநியாயங்களைப் பேச இது இடமில்லை. தொழிற்சங்க இயக்கமும் அப்போது பெரிய அடி வாங்கியது. ஆனால் பிரசாரம் செய்தவர்கள் கற்றுக்கொண்ட பாடத்தை நாமும் அறியலாம். நீண்ட சித்தாந்தத்தைவிட, சரணடைந்து நலமாக இருக்கும் ஒருவரின் புகைப்படம் பலித்தது. காட்டில் இருந்தவருக்கு அந்த முகம் தெரிந்த முகம். நேற்று வரை கூட இருந்தவர்.

நம் தோட்டத்திலும் இப்படித்தான். எங்கோ அச்சடித்த அழகான மனிதரின் படத்தைவிட, பக்கத்து லயத்து அண்ணன் தம் சம்பளச் சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் பத்து மடங்கு பேசும். அவரிடம் சம்மதம் கேட்டு வாங்கிக்கொண்டு படம் எடுங்கள். சம்மதமில்லாமல் யார் முகத்தையும் சுவரில் ஒட்டாதீர்கள்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. இன்று தோட்டங்களில் நம்மோடு இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளியர் வேலை செய்கிறார்கள். அவர்களும் தொழிலாளிகள். அவர்களுக்குத் தெரியாமல் நமக்கு மட்டும் தெரிந்த உரிமை பாதி உரிமைதான். குறைந்த கூலிக்கு அவர்களை நிறுத்தினால் நம் கூலியும் விழும். ஆனால் நான்கு மொழியை ஒரே காகிதத்தில் திணிக்காதீர்கள். நான்கும் சிறுத்து, எதுவும் தெரியாது. மொழிக்கு ஒரு காகிதம். தமிழில் எழுதியதை வார்த்தைக்கு வார்த்தை மாற்றிக் கொடுக்காதீர்கள். விஷயத்தைச் சொல்லி, "உங்கள் ஆட்களிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று அவர்களையே கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

ஐந்தாவது: பொய் கலக்காதீர்கள்

1978-ஆம் ஆண்டு பிரிட்டனில் கன்சர்வேட்டிவ் கட்சிக்காக ஒரு சுவரொட்டி செய்தார்கள். வேலையில்லாதோர் அலுவலகத்தின் முன் நீண்டு வளைந்து செல்லும் ஒரு வரிசை. தொழிற்கட்சி ஆட்சியில் வேலை நடக்கவில்லை என்று இரட்டைப் பொருள் தரும் ஒரு வாசகம். அடுத்த ஆண்டு தேர்தலில் அக்கட்சி வென்றது. சுவரொட்டி உலகில் இன்றும் அதைப் புகழ்கிறார்கள். ஆனால் அந்த வரிசையில் நின்றவர்கள் வேலையில்லாதவர்கள் அல்லர். அக்கட்சியின் இளைஞர் அணியினர். வந்தவர்கள் குறைவாக இருந்ததால் அவர்களையே திரும்பத் திரும்பப் படம் பிடித்து ஒட்டி நீளமாக்கினார்கள்.

பணமும் பத்திரிகைகளும் உள்ள கட்சிக்கு அது கட்டுப்படியாகலாம். நமக்குக் கட்டுப்படியாகாது. நாம் எழுதும் ஓர் எண் தவறானால், நிர்வாகம் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, "பாருங்கள், உங்கள் சங்கம் சொல்வது பொய்" என்று பிரட்டுக்களத்தில் காட்டும். அதற்கு அடுத்து நாம் ஒட்டும் பத்துச் சுவரொட்டியையும் யாரும் நம்ப மாட்டார்கள். ஆகவே சட்டத்தைப் பற்றி எழுதினால் சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்த்து எழுதுங்கள். "20 நாள் சம்பளம்" என்று மட்டும் எழுதினால் போதாது. ஈராண்டுக்குக் குறைந்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள், ஈராண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 15 நாள், ஐந்தாண்டும் மேலும் என்றால் 20 நாள். ஓராண்டாவது வேலை செய்திருக்க வேண்டும். இந்தப் பட்டியலைத் துண்டுப் பிரசுரத்தில் போடுங்கள். சுவரொட்டியில் யாருக்கு எது என்று தெளிவாக இருந்தால் போதும்.

ஆறாவது: வண்ணம், அச்சு, பசை

வண்ணம் இரண்டு போதும். மஞ்சளில் கறுப்பு, வெள்ளையில் கறுப்பு, வெள்ளையில் சிவப்பு, இவை தூரத்திலும் தெரியும். வெள்ளையில் மஞ்சள் தெரியாது. நீலத்தில் சிவப்பு கண்ணைக் கூசும். அதிகாலை மங்கலில் இரண்டும் ஒன்றாகிவிடும். எழுத்துக்குப் பின்னால் புகைப்படத்தை விரிக்காதீர்கள். நாலு பக்கமும் வெற்றிடம் விடுங்கள். வெற்றிடம் வீணல்ல; அதுதான் எழுத்தைத் தூக்கிக் காட்டுகிறது.

அச்சகத்தில் கவனம் தேவை. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் தமிழ் தெரியாதவர் கணினியில் தமிழை ஒட்டித் தருவது சகஜம். எழுத்துரு மாறினால் கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடமாகச் சிதறிவிடும். மாதிரித் தாளை வாங்கி, ஒரு முறை நேராகப் படியுங்கள். ஒரு முறை கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். பின்னோக்கிப் படிக்கும்போது மனம் பொருளில் ஓடாது; கண் எழுத்தில் நிற்கும். நாளும் கிழமையும் பொருந்துகின்றனவா என்று நாட்காட்டியைப் பாருங்கள்.

அச்சுக்குப் பணமில்லையா? தடித்த தூரிகையும் ஒரு டின் கறுப்பு மையும் போதும். தோட்டத்துப் பிள்ளைகளில் நல்ல கையெழுத்துள்ளவர் இல்லாமலா போவார்கள்?

ஒட்டுவதில் மூன்று விதி. முதலாவது, அனுமதி. கண்ட சுவரில் ஒட்டினால் நகராண்மைக் கழகம் அபராதம் போடும். நிர்வாகத்துக்கும் ஒரு சாக்குக் கிடைக்கும். அறிவிப்புப் பலகை, கோயில் மண்டபம், மளிகைக் கடை, ஆயாக்கொட்டகை, இவற்றின் பொறுப்பாளரைக் கேட்டு ஒட்டுங்கள். இரண்டாவது, மழை. பிற்பகல் மழை நம் நாட்டில் சொல்லாமல் வரும். கூரைக்கடியில், கண் மட்டத்தில் ஒட்டுங்கள். மூன்றாவது, கூட்டம் முடிந்த மறுநாள் கிழித்துவிடுங்கள். போன மாதக் கூட்டத்துக்கு இன்றும் அழைக்கும் காகிதம், நம் சங்கம் தூங்குகிறது என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கும்.

இப்போது எல்லோர் கையிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. சுவரொட்டியைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். நல்லது, செய்யுங்கள். ஆனால் அங்கே காகிதம் இன்னும் சிறிது, கையகலம்தான். சுவரில் தெளிவாக இல்லாதது அங்கே அறவே தெரியாது. மேலும், தொலைபேசியில் வந்தது பத்து நிமிடத்தில் மேலே ஓடிவிடும். பிரட்டுக்களத்தில் ஒட்டியதைப் பத்து நாளும் பத்துத் தடவை பார்ப்பார்கள். ஆகவே இரண்டும் வேண்டும்.

ஏழாவது: ஐந்து எண்ணும் சோதனை

சுவரொட்டி எழுதி முடிந்ததா? அச்சுக்குக் கொடுக்குமுன் கமிட்டி உறுப்பினர் அல்லாத மூன்று பேரைக் கூப்பிடுங்கள். ஒருவர் வயதானவர், ஒருவர் பெண், ஒருவர் இளைஞர். பத்தடி தள்ளி நிற்க வைத்துக் காகிதத்தைக் காட்டுங்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். மடித்துவிடுங்கள். பிறகு கேளுங்கள்: எதைப் பற்றி? எப்போது? எங்கே? நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில் வரவில்லையானால் அவர்களிடம் விளக்கம் சொல்லாதீர்கள். சுவருக்கு அருகில் நின்றுகொண்டு விளக்கம் சொல்ல நீங்கள் இருக்கப் போவதில்லை. காகிதத்தை மாற்றுங்கள்.

நாங்கள் திருத்தி எழுதியது

இந்த விதிகளை வைத்து எங்கள் பழைய சுவரொட்டியைத் திருத்தினோம். பதினேழு வரி ஐந்து வரியாயிற்று:

பொறுங்கள்!
கையெழுத்து வேண்டாம். முதலில் கணக்குப் பார்ப்போம்.
5 ஆண்டும் மேலும் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். இது சட்டம்.
ஞாயிறு மாலை 4 மணி, கோயில் மண்டபம்.
சம்பளச் சீட்டைக் கொண்டு வாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் தேதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கீழே சிறிய எழுத்தில் சங்கத்தின் பெயர் ஒரு வரி. தலைவர் பெயர் இல்லை. தலைவருக்கு வருத்தம் வரும் என்று அஞ்சினோம். அவரிடம் நேரே கேட்டோம். "பெயர் போட்டுப் பதினொரு பேர் வந்தார்கள். போடாமல் இருநூறு பேர் வந்தால் எனக்கென்ன நஷ்டம்?" என்றார். அவர் வாழ்க!

இந்தத் தாளை அந்த அக்காளிடம் காட்டினோம். ஐந்து எண்ணி மடித்தோம். "கையெழுத்துப் போடக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை சீட்டை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு வரவேண்டும்" என்றார். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதை அப்போதே ஒட்டியிருக்கலாமே, தம்பி" என்றார். அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை.

உங்களுக்கு ஒரு வேலை

தோழர்களே, வெறுங்கையோடு உங்களை அனுப்பப் போவதில்லை. ஒரு வேலை தருகிறோம்.

2023-ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தப்படி, வேலைச் சட்டம் ஒவ்வொரு முதலாளிக்கும் ஒரு கடமை விதித்திருக்கிறது. வேலையிடத்தில் பாலியல் தொல்லையைப் பற்றிய விழிப்புணர்வு அறிவிப்பு ஒன்றை, எல்லோர் கண்ணிலும் படும்படி, எப்போதும் மாட்டி வைக்க வேண்டும். 1941-இல் கிள்ளான் தொழிலாளர்கள் தங்கள் பெண்களின் மானத்துக்காகக் கேட்டதை ஒட்டிய ஒரு காகிதம், இன்று சட்டத்தின் பேரில் சுவரில் தொங்க வேண்டிய காலம் வந்திருக்கிறது.

உங்கள் தோட்டத்தில் அது இருக்கிறதா? இருந்தால் எங்கே இருக்கிறது? அலுவலகத்துக்குள், கிராணியின் மேசைக்குப் பின்னால், பொடி எழுத்து ஆங்கிலத்தில் இருந்தால், நிரையில் தனியாக நின்று பால் வெட்டும் பெண்ணுக்கு அது இல்லாததற்குச் சமம். கிராணி நண்பர்களே, இதில் உங்கள் உதவிதான் பெரிது. அந்த அறிவிப்பின் சாரத்தை நம் பெண்கள் படிக்கும் தமிழில், ஐந்து வரியில், நிர்வாகத்தின் சம்மதத்தோடு எழுதுங்கள். தலைப்பை ஆண்கள் எழுதாதீர்கள். பெண் தொழிலாளிகள் மூவரை உட்கார வைத்து, அவர்கள் வாயால் சொல்லும் வார்த்தையை எழுதிக்கொள்ளுங்கள். யாரிடம் புகார் சொல்வது என்பது அதில் கட்டாயம் இருக்க வேண்டும். ஆயாக்கொட்டகை வாசலிலும் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் இடத்திலும் மாட்டுங்கள். ஐந்து எண்ணிச் சோதித்துப் பாருங்கள்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது ஆளுக்கு ஒரு தாளோடு வாருங்கள். எல்லாவற்றையும் இந்தச் சுவரில் வரிசையாக ஒட்டுவோம். வாசலில் நின்று பார்ப்போம். எது பேசுகிறது, எது ஊமையாக நிற்கிறது என்று அப்போது தெரிந்துவிடும்.